பேப்பர் என்றால் எந்தப் பேப்பர்? ஏற்காட்டில் காமெடி பார்த்து ஹோட்டல் இங்கிலீஷ் பழகிய கதை

எங்கள் காட்டேஜில் இப்போதெல்லாம் யாரும் புரியாமல் “ஓகே சார்” சொல்வதில்லை. இந்த நிலைக்கு வர ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. செலவு மூவாயிரத்துக்குள், பெங்களூர் போன கணக்கு தனி. பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டது 1970களில் எடுத்த ஒரு பிரிட்டிஷ் டிவி காமெடி. இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு ஆகும் என்று, செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இடம் ஏற்காடு, நாகலூர் போகும் வழி. ஆறு அறை. வேலைக்கு நான்கு பேர்: ரிசப்ஷனில் தம்பி, ஒரு ரூம் பாய், கிச்சன் அக்கா, துணியும் சுத்தமும் பார்க்கும் இன்னொரு அக்கா. கெஸ்ட்டுகளில் பெரும்பகுதி பெங்களூரிலிருந்து சனி ஞாயிறுக்கு வருகிறவர்கள். தமிழ் தெரிந்தவர்கள் என்றால் கவலையே இல்லை. கன்னடம், தெலுங்கு என்றாலும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். வடக்கத்திக்காரர்களும் எப்போதாவது வெளிநாட்டுக்காரர்களும் வரும்போது நடுவில் இருப்பது இங்கிலீஷ் ஒன்றுதான்.

எங்கள் ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தம்பி பி.காம் முடித்தவன். ரூம் பாய் பன்னிரண்டாவது. புக்கிங் மெயிலை வாசித்துப் புரிந்துகொள்வார்கள். காதில் விழுகிற இங்கிலீஷ்தான் பிரச்சினை. கெஸ்ட் கடகடவென்று நான்கு வரி சொல்வார். இவர்கள் அதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். தலையணை கூடுதலாகக் கேட்ட அறைக்கு எக்ஸ்ட்ரா பெட் போய் இறங்கும். ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்றால், “ரெண்டாவது தடவை கேட்டா மரியாதையா இருக்காதுங்க” என்பான் ரூம் பாய். சேலத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, 30 கிலோமீட்டர் போய், வகுப்பு முடிந்து இருட்டில் திரும்ப மலை ஏறுவது நடக்கிற காரியமா?

முதலில் போட்டுப் பார்த்தது ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’. 1977-ல் தொடங்கிய லண்டன் தொடர். பல நாட்டுக்காரர்கள் மாலை வகுப்பில் உட்கார்ந்து இங்கிலீஷ் படிப்பதுதான் கதை. நமக்குப் பொருத்தமாக இருக்கும் என்று பட்டது. பொருந்தவில்லை. அதில் சிரிப்பு வருவதே தப்பான இங்கிலீஷில்தான். திரும்பத் திரும்பக் கேட்டால் காதில் தங்குவதும் அதுவேதான். அதில் வரும் சீக்கியர் எதற்கெடுத்தாலும் “தௌசண்ட் அபாலஜீஸ்” என்பார். எங்கள் ரூம் பாய் ஒருநாள் டீ தாமதமானதற்கு அதை ஒரு கெஸ்ட்டிடம், கையைக் கூப்பிக்கொண்டு, அப்படியே சொல்லிவிட்டான். அவர் சிரித்துவிட்டார், நல்லவேளை. அன்றோடு அந்தத் தொடர் நின்றது.

அடுத்து வந்ததுதான் ‘ஃபால்டி டவர்ஸ்’. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லீவில் வந்தபோது டிவிடி செட்டாகக் கொண்டுவந்து கொடுத்தான். மொத்தம் 12 எபிசோடுதான். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். கதை நடப்பது இங்கிலாந்தின் தென்கரையில் டார்க்கீ என்ற கடலோர ஊரில், ஒரு சின்ன ஹோட்டலில். முதலாளி பேசில் ஃபால்டியாக ஜான் கிளீஸ். அவரும் கோனி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். பணிப்பெண் பாலியாக வருவதும் கோனி பூத்தான். கிளீஸ் 1970-ல் தன் ‘மான்டி பைத்தான்’ காமெடிக் குழுவோடு டார்க்கீயில் ஒரு ஹோட்டலில் தங்கியபோது, அங்கிருந்த முதலாளி கெஸ்ட்டுகளை நடத்திய விதத்தைப் பார்த்துத்தான் இந்தப் பாத்திரம் பிறந்தது. கதை முழுக்க ரிசப்ஷன், டைனிங் ஹால், மாடி அறைகள், கிச்சன். அறை கேட்கிறார்கள், சாப்பாடு கேட்கிறார்கள், குறை சொல்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது அவ்வளவும் அதில் இருந்தது.

டிவிடியை வீட்டில் இருந்த பழைய பிளேயரில் போட்டால் ஓடவில்லை. ‘ரீஜன் எரர்’ என்று வந்து நின்றது. டிவிடிகளில் நாட்டுக்கு நாடு எண் உண்டு. இங்கிலாந்துக்கு 2, இந்தியாவுக்கு 5. தட்டு கெட்டுப்போனதோ என்று துடைத்துத் துடைத்துப் போட்டு ஒரு மாலை போனது. அப்புறம் சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினேன், 1,600 ரூபாய். லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளைப் போட்டுத் திறந்ததும் ஓடிவிட்டது. இதில் ஒரு எச்சரிக்கை: டிரைவின் ரீஜனை மாற்றட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டால் யோசிக்காமல் ‘யெஸ்’ தட்டாதீர்கள். அப்படி மாற்ற ஐந்து முறைதான் அனுமதி. அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். லேப்டாப்பை டைனிங் ஹால் டிவியில் மாட்ட எச்டிஎம்ஐ கேபிள் 250 ரூபாய். டிவியும் லேப்டாப்பும் ஏற்கெனவே இருந்தவை.

சாப்பாட்டு நேரம் முடிந்து, பாத்திரம் ஒதுங்கியதும், டைனிங் ஹாலில் நான்கு பேரையும் உட்கார வைத்து, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓட, ஒரு எபிசோடை முழுசாகப் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிளீஸின் நீளக் காலுக்கும் முகத்துக்கும் மொழி தேவையில்லை. மறுநாள் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், கதை இருந்தது, ஒரு வாக்கியம்கூட இல்லை. எழுத்து ஓடினால் கண் அங்கே போய்விடுகிறது, காது மூடிக்கொள்கிறது. தம்பியாவது வாசித்தான். அக்காக்கள் பாதி வரி படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. எழுத்தை நிறுத்தினால் பேசிலின் வேகத்தில் யாருக்கும் எதுவும் பிடிபடவில்லை. எனக்கே நிறைய இடம் பிடிபடவில்லை, சும்மா சொல்லக்கூடாது.

கிச்சன் அக்கா மட்டும் ஒரு இடத்தில் சிரிக்கவே இல்லை. மானுவல் என்று ஒரு வெயிட்டர், பார்சிலோனாவிலிருந்து வந்தவன், இங்கிலீஷ் அரைகுறை. முதலாளி அவன் தலையில் தட்டிக்கொண்டே இருப்பார். “அந்த ஆளு எதுக்குங்க அடி வாங்கிட்டே இருக்கான்? அவனுக்குப் புரியலைன்னா இவருதானே சொல்லித்தரணும்?” என்றார் அக்கா. ரிமோட் கையில் இருந்த முதலாளி நான். ஹாலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தக் கேள்விதான் முறையை மாற்றியது. அடி விழும் காட்சிகளை ஒதுக்கினேன். மானுவலாக நடித்தவரைப் பற்றியும் சொன்னேன். ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரரே இல்லை, 1930-ல் பெர்லினில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்தபோது சின்னப் பையன். மானுவலைப் போலவே அவரும் வேற்று மொழியிலிருந்து அந்த ஊருக்கு வந்தவர்தான். அப்போதிருந்து ரூம் பாய்க்கு மானுவல்தான் ஹீரோ. ஜெர்மன்காரர்கள் வந்து தங்கும் எபிசோடில், மானுவல் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் குனிந்திருந்து இங்கிலீஷ் பேசிப் பழகுவான். மேலே ஒரு கடமான் தலை பொம்மை. அந்தப் பக்கம் வந்த வயதான மேஜர், பொம்மைதான் பேசுகிறது என்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ரூம் பாய் லினன் அறையில் தனியாகப் பேசிப் பழகுவதை நான் முதலில் கேட்டபோது எனக்கும் அந்த மேஜர் கதிதான்.

முழு எபிசோடை விட்டுவிட்டுத் துண்டுகளுக்கு வந்தோம். ஒரு துண்டு 40 நொடியிலிருந்து ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் முதல் பாதி மறந்துவிடுகிறது. 60 ரூபாய் லாங் சைஸ் நோட்டு ஒன்றில் நான்கு கட்டம் போட்டுக்கொண்டேன்: எந்த எபிசோடு, எத்தனாவது நிமிடம்-நொடி, கெஸ்ட் என்ன கேட்கிறார், நம் காட்டேஜில் அதே நிலைமை எப்போது வரும். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்தத் துண்டு எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். கழித்தது நிறைய. ஒரு முழு எபிசோடுக்கு மூன்று துண்டு தேறினால் பெரிது.

விஎல்சியில் சில பட்டன்களைத் தம்பிக்குப் பழக்கிவிட்டால் போதும், நாம் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. கண்ட்ரோலோடு ‘டி’ அழுத்தினால் நிமிடம்-நொடி கேட்கும், நோட்டில் எழுதியதைத் தட்டினால் நேராக அங்கே போய் நிற்கும். ஷிப்டோடு இடது அம்புக்குறி அழுத்தினால் மூன்று நொடி பின்னால் வரும். ஒரு வாக்கியத்தைத் திரும்பக் கேட்க இதைவிட நல்ல அளவு இல்லை. சதுர அடைப்புக்குறி பட்டனால் வேகத்தைக் குறைக்கலாம். 0.8-ல் வைத்தால் குரல் கெடாமல் நிதானமாக வரும். 0.7-க்குக் கீழே போனால் எல்லோரும் குடித்துவிட்டுப் பேசுவது போலிருக்கும். ஒழுங்கு இது: முதலில் எழுத்து இல்லாமல் 0.8-ல் கேட்பது, பிறகு எழுத்தோடு, பிறகு மறுபடி எழுத்து இல்லாமல் சரியான வேகத்தில். எழுத்தைக் கடைசியில் எடுத்துவிடுவது முக்கியம். கெஸ்ட் நெஞ்சில் எழுத்து ஓடாது.

எங்களுக்கு அதிகம் கொடுத்த துண்டு 1979-ல் வந்த ‘கம்யூனிகேஷன் பிராப்ளம்ஸ்’ எபிசோடில் இருக்கிறது. மிஸஸ் ரிச்சர்ட்ஸ் என்று காது மந்தமான ஒரு அம்மாள் வந்து தங்குவார். காதுக் கருவி இருக்கும், ஆனால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதை ஆன் பண்ணவே மாட்டார். அமைதியான அறை, பாத்ரூம், கடல் தெரியும் ஜன்னல் என்று ரிசப்ஷனில் மானுவலிடம் அடுக்குவார். மானுவல் “கே?” என்பான். ஸ்பானிஷில் ‘என்ன?’ என்று கேட்கிறான். அந்த அம்மாள் “வாட்?” என்பார். இவன் மறுபடி “கே?”. கடைசியில் மேனேஜர் பெயர் சி.கே. வாட் என்று முடிவுகட்டிக்கொண்டு போவார். இந்தச் சிரிப்பு எங்கள் ஆட்களுக்குப் பிடிபட நேரம் ஆனது. பிடிபட்ட பிறகு யார் எதைக் கேட்டாலும் ஒருவருக்கொருவர் “கே?” என்றுதான்.

ஆனால் பாடம் அதற்குப் பிறகு வரும் ஒரு காட்சியில். அந்த அம்மாள் இறங்கி வந்து, என் அறையில் பேப்பர் இல்லை என்று பாலியைத் திட்டுவார். பாலி எழுதுகிற பேப்பர் என்று நினைத்துக்கொண்டு, அதை அறையில் வைப்பதில்லை, லவுஞ்சில் இருக்கிறது, வெற்றுத் தாள் வேண்டுமா, ஹோட்டல் முகவரி அச்சடித்தது வேண்டுமா, எத்தனை தாள் வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டே போவாள். அம்மாள் கேட்டதோ கழிவறைப் பேப்பர்.

இதை நிறுத்தி நிறுத்திப் போட்டுவிட்டு, நம் காட்டேஜில் பேப்பர் என்றால் என்னென்ன என்று கேட்டேன். நியூஸ் பேப்பர், டிஷ்யூ, டாய்லெட் ரோல், பில் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இதுபோல் இரண்டு மூன்று பொருளில் வரும் சொற்கள் வேறென்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தோம். சுத்தம் பார்க்கும் அக்காதான் நல்லது ஒன்றை எடுத்தார்: ஹீட்டர். டிசம்பர், ஜனவரி குளிரில் “ஹீட்டர் இஸ் நாட் வொர்க்கிங்” என்று போன் வரும். ரூம் பாய் ஓடிப்போய் பாத்ரூமில் கீசரைத் திறந்து பார்த்து, வெந்நீர் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். கெஸ்ட் கேட்டது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரூம் ஹீட்டரை. அவர் இரவெல்லாம் நடுங்கிவிட்டு, காலையில் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிளக் என்றால் சுவரில் இருப்பதா, கொசு மருந்தா? வாட்டர் என்றால் குடிக்கவா, குளிக்கவா? அந்தப் பக்கம் நோட்டில் நிரம்பிவிட்டது.

அதிலிருந்து வந்தது ஒரே ஒரு விதி. கெஸ்ட் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. “டூ பில்லோஸ், ரூம் ஃபோர், நவ். ரைட் மேம்?” அவ்வளவுதான் வாக்கியம், வினைச்சொல்கூட வேண்டாம். எது என்று சந்தேகம் இருந்தால், “ரூம் ஹீட்டர் ஆர் பாத்ரூம் ஹீட்டர், சார்?” என்று இரண்டையும் எடுத்து வைப்பது. ஒன்றுமே பிடிபடவில்லை என்றால், “சாரி சார், ஸ்லோலி பிளீஸ்.” திருப்பிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம், கெஸ்ட்டுகள் இதற்குச் சந்தோஷப்படுவதைப் பார்த்த பிறகு தானாகப் போய்விட்டது. பயிற்சியில் திருப்பிச் சொல்லாமல் “ஓகே” மட்டும் சொன்னவர் டப்பாவில் ஐந்து ரூபாய் போட வேண்டும். டப்பா நிறைந்தால், சேலம் இறங்குகிறவர் எங்கள் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கி வர வேண்டும். டப்பாவில் அதிகம் போட்டது நான்தான், போனில் பேசும்போது ஓகே ஓகே என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம்.

அப்புறம் நடிப்பு. ஆரம்பத்தில் நான் கெஸ்ட், அவர்கள் வேலையாட்கள் என்று வைத்தேன். வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்பது போலாகிவிட்டது. பதில் சுருங்கிக்கொண்டே போனது. ஒருநாள் சலிப்பில் மாற்றிப் போட்டேன். நான் வெயிட்டர், அவர்கள் கெஸ்ட். அன்றுதான் வாய் திறந்தது. கெஸ்ட்டாக நடிக்க வெயிட்டரைவிட அதிக இங்கிலீஷ் வேண்டும். கேட்க வேண்டும், மறுக்க வேண்டும், குறை சொல்ல வேண்டும், கட்டணத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். துண்டுகளில் வரும் கெஸ்ட்டுகளைக் கவனித்துக் கேட்டால்தான் அது வரும். கிச்சன் அக்கா மிஸஸ் ரிச்சர்ட்ஸாக மாறி, ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “வியூ நோ குட்! ஐ பே லெஸ்!” என்று என்னை வாட்டி எடுத்தார். இலக்கணம் எப்படியோ போகட்டும், ஒரு கெஸ்ட் எதற்கு எரிச்சல் அடைவார் என்பது அவருக்குள் இறங்கிவிட்டது. இந்தத் திட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்: வேலை செய்கிறவரைக் கெஸ்ட்டாக உட்கார வையுங்கள்.

யாரைப் பார்த்துப் பேசப் பழகுவது என்பதிலும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. பேசிலைப் பார்த்து ஒரு வரிகூடப் பழகக் கூடாது. அவர் சொல்வது மேலோட்டமாகக் கேட்டால் பணிவு, உள்ளே முழுக்க குத்தல். தம்பிக்கு அது முதலில் தெரியவில்லை, நல்ல நாகரிகமான இங்கிலீஷ் என்று எழுதி வைத்திருந்தான். பாலியின் வரிகள்தான் அப்படியே பயன்படும். சின்ன வாக்கியம், தெளிவான உச்சரிப்பு. நிதானமாக, சுற்றி வளைத்துப் பேசும் கெஸ்ட் வேண்டும் என்றால் ‘ஹோட்டல் இன்ஸ்பெக்டர்ஸ்’ எபிசோடில் ஸ்பூன் விற்கும் ஹட்சின்சன் வருவார். சீஸ் சாலட் கேட்பார், ஆம்லெட் வந்துகொண்டே இருக்கும். திருப்பிச் சொல்லும் விதிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

நடுவில் மழை. டைனிங் ஹாலுக்கு மேலே தகரக் கூரை. ஏற்காட்டில் மழை பிடித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதே கேட்காது, டிவி எங்கே கேட்பது? ஒலியைக் கூட்டினால் முதல் அறையிலிருந்து புகார் வரும். 180 ரூபாய்க்கு ஒரு ஆடியோ ஸ்ப்ளிட்டரும், 150 ரூபாய் இயர்போன் நான்கும் வாங்கினேன். மாட்டினால் சத்தமே வரவில்லை. எச்டிஎம்ஐ கேபிள் போட்டிருந்தால் ஒலி டிவிக்குப் போய்விடும். விஎல்சியில் ஆடியோ டிவைஸ் என்ற இடத்தில் லேப்டாப்பை மாற்றித் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு பேருக்குப் பிரியும்போது ஒலி குறையும், அதற்கு விஎல்சியின் வால்யூமை 125 வரை ஏற்றலாம். எதிர்பார்க்காத லாபம் என்னவென்றால், காதுக்குள் கேட்டபோதுதான் சொல்லின் கடைசி எழுத்துகள் அவர்களுக்குப் பிடிபட்டன. “கான்”, “கான்ட்” இரண்டுக்கும் வித்தியாசம் ஸ்பீக்கரில் வரவே இல்லை. ‘முடியும்’, ‘முடியாது’ குழம்பினால் செக்-அவுட் நேரத்தில் சண்டைதான்.

அமெரிக்க உச்சரிப்புக்கு ‘வால்டார்ஃப் சாலட்’ எபிசோடு. கிச்சன் மூடுகிற நேரத்தில் ஒரு அமெரிக்கர் வந்து சாப்பாடு கேட்பார். இரவு ஒன்பதரைக்குக் காட் ரோடு ஏறி வந்து டின்னர் கேட்கிறவர்கள் எங்களுக்கு வாராவாரம் உண்டு என்பதால், நோட்டின் நான்காவது கட்டம் உடனே நிரம்பியது. அவர் ஸ்க்ரூடிரைவர் என்று ஒரு மதுவைக் கேட்க, பேசில் ஏதோ ரிப்பேர் வேலை என்று நினைப்பார். எங்களிடம் பார் இல்லை, ஆனால் ரூம் பாய் கண்டிப்பாகக் கருவிப் பெட்டியோடுதான் போயிருப்பான். இன்றைய பேச்சுக்கு ‘ஷிட்ஸ் கிரீக்’ என்ற கனடா தொடரில் கொஞ்சம் எடுத்தோம். சொத்தையெல்லாம் இழந்த ஒரு குடும்பம் சின்ன ஊர் மோட்டலில் போய்த் தங்குவது கதை, 2015-லிருந்து 2020 வரை வந்தது. ரிசப்ஷன் பேச்சு நன்றாக இருக்கிறது. கெட்ட வார்த்தைகளும் இருக்கின்றன, துண்டை நாம் முதலில் தனியாகக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

டார்க்கீயில் இல்லாதவற்றை நாங்களே எழுதிக்கொண்டோம். குரங்குக்கு அங்கே வேலை இல்லை, எங்களுக்கு முதல் வாக்கியமே அதுதான்: “பிளீஸ் குளோஸ் த விண்டோ. மங்கீஸ் வில் கம்.” வளைவுகளில் குழந்தை வாந்தி எடுத்து, வந்து இறங்கும்போதே முகம் வெளுத்த குடும்பங்களுக்கு: “ஜிஞ்சர் டீ, லெமன் ஜூஸ், விச் ஒன் மேம்? சிட் ஃபர்ஸ்ட், செக்-இன் லேட்டர்.” வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட்டும் விசாப் பக்கமும் கேட்கத் தனி வாக்கியம். லேக், பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் போக வழி சொல்வதற்கு லெஃப்ட், ரைட், நெக்ஸ்ட் டு போதும்.

சரியாக வராமல் போனது போன். எதிரில் முகம் இருந்தால் கையையாவது காட்டலாம். இன்டர்காமில் அது இல்லை. தொடரில் போன் காட்சிகள் உண்டு, ஆனால் ஒரு பக்கப் பேச்சுதான் கேட்கும், பயிற்சிக்கு ஆகாது. காலி அறையிலிருந்து ஒருவர் ரிசப்ஷனுக்குப் பேசுவது என்று வைத்துப் பார்த்தோம். குரல் தெரிந்தவர்கள் என்பதால் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். இது இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

கடைசியாக ஒரு பரீட்சை. தம்பியையும் ரூம் பாயையும் பெங்களூரில் ஒரு நடுத்தர ஹோட்டலுக்கு ஒரு இரவு கெஸ்ட்டாகவே அனுப்பினேன். அறை வாடகை 2,200, பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்து நாலாயிரம் சொச்சம். செக்-இன் முதல் செக்-அவுட் வரை இங்கிலீஷ் மட்டும், நான்கு விஷயம் கேட்டு வாங்க வேண்டும்: கூடுதல் டவல், இஸ்திரிப் பெட்டி, அறை மாற்றம், ஒரு மணி நேரம் தாமதமாகக் காலி செய்ய அனுமதி. தம்பி கவுன்ட்டரில் போய் “குட் ஆஃப்டர்நூன், வீ ஹேவ் எ புக்கிங்” என்றதுமே, அந்தப் பக்கம் இருந்தவர், “தமிழாங்க? எந்த ஊரு? நான் தர்மபுரி” என்றுவிட்டார். அறை மாற்றமும் தாமத செக்-அவுட்டும் தமிழிலேயே, அதுவும் சிரித்துப் பேசி முடிந்துவிட்டன. நல்லவேளையாக இரவு ஷிப்ட்டில் மணிப்பூர் பையன் ஒருவன் இருந்திருக்கிறான். இஸ்திரிப் பெட்டியையும் டவலையும் அவனிடம் இங்கிலீஷில் கேட்டார்கள். அந்தப் பையன் இவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னானாம், “ஒன் அயர்ன், டூ டவல்ஸ், ரைட் சார்?” என்று. ரூம் பாய் அதை என்னிடம் சொல்லும்போது, அவன் நம்ம விதியைத்தான் வைத்திருக்கிறான் என்று குதித்தான்.

அடுத்த முறை மாற்றப்போவது இவை. பரீட்சைக்கு ஹைதராபாத்துக்கும் அப்பால் எங்காவது அனுப்ப வேண்டும், செலவு கூடினாலும் பரவாயில்லை. அக்காக்களும் போக வேண்டும். இந்த முறை வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று யோசித்து நானே விட்டுவிட்டேன், அவர்களைக் கேட்கக்கூட இல்லை. போனுக்கு, வழக்கமாக வரும் பெங்களூர் கெஸ்ட்டுகள் சிலரிடம் அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்டர்காமில் பேசுவது போலவே, அவசரமாக. இரண்டு வந்துவிட்டன. ஒன்றில் பின்னால் குழந்தை அழுகிறது, மிக்ஸி ஓடுகிறது, அதுதான் நல்லது. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, ஜூனில் மறுபடி உட்காரலாம் என்று தம்பி சொல்கிறான். கிச்சன் அக்கா அதற்குள் மெனு கார்டில் உள்ள ஒவ்வொரு சாப்பாட்டுக்கும், அதில் என்ன போடுகிறோம், காரம் எவ்வளவு என்று ஒரு வரி இங்கிலீஷில் வேண்டும் என்று நோட்டைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். குஸ்கா என்பதில் நிற்கிறது.